எத்னிக் ஸ்டடீஸ்: ஆன்லைனில் எடுத்தால் வீண், வகுப்பில் எடுத்தால் லாபம்

கலிபோர்னியாவில் கால் ஸ்டேட் எனும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்க நினைப்பவர்கள் எத்னிக் ஸ்டடீஸ், அதாவது சிறுபான்மை இனங்களைப் பற்றிய பாடத்தைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. 2020-இல் வந்த ஏபி 1460 சட்டப்படி, 2021-இல் சேர்ந்தவர்கள் தொடங்கி, அதன் வளாகங்களில் இளநிலைப் பட்டத்துக்கு மூன்று யூனிட் (பாட அளவு) எத்னிக் ஸ்டடீஸ் கட்டாயம். அமெரிக்கப் பூர்வகுடிகள், கறுப்பின மக்கள், லத்தீன் மக்கள், ஆசிய அமெரிக்கர்கள் என்ற நான்கில் ஏதாவது ஒன்றைப் பற்றிப் படித்தாக வேண்டும். நம் ஆட்களிடம் பேச்செடுத்தால் கேட்கும் முதல் கேள்வி, "எதில் ஈஸியா ஏ வாங்கலாம்?" என்பதுதான். நான் இதை ஆன்லைனிலும் எடுத்தேன், வகுப்பில் உட்கார்ந்தும் எடுத்தேன். பெயர் ஒன்று என்றாலும் இரண்டும் வேறு வேறு சரக்கு.

என் கதையைச் சுருக்கிவிடுகிறேன். மதுரையில் பாதியில் நின்ற பி.காம்., கல்யாணம், எச்-4 விசா, பிள்ளைகள், கிரீன் கார்டு. நாற்பதுக்கு மேல் மறுபடியும் மாணவி. பள்ளி ஆசிரியை ஆகலாம் என்று எண்ணம். முதலில் இரண்டாண்டுப் படிப்புக்கான கம்யூனிட்டி காலேஜ், பிறகு சான் பிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரமான பே ஏரியாவிலேயே ஒரு கால் ஸ்டேட் வளாகம். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை.

கம்யூனிட்டி காலேஜில் எடுத்தது ஆன்லைன் வகுப்பு. கலிபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட் 46 டாலர், ஆக மூன்று யூனிட்டுக்கு 138. விலை மலிவு, அதற்கேற்ற தரம். செமஸ்டர் முழுக்க ஆசிரியரின் குரலைக் கேட்டதில்லை. எப்போதோ தயாரித்த ஸ்லைடுகள், கம்ப்யூட்டரே திருத்தும் குவிஸ், வியாழனுக்குள் ஒரு கருத்து, ஞாயிறுக்குள் இரண்டு பேருக்குப் பதில். அந்தப் பதில்களில் பாதி, "உங்கள் பார்வை மிக ஆழமானது" என்று ஏஐ எழுதிக் கொடுத்தவை. இந்தத் துறையே பிறந்த 1968 மாணவர் வேலைநிறுத்தத்துக்கு ஒரே ஒரு ஸ்லைடு. எனக்கு ஏ கிடைத்தது. வேறொன்றும் கிடைக்கவில்லை.

கால் ஸ்டேட்டில் எடுத்தது ஆசிய அமெரிக்க வரலாறு, நேரடி வகுப்பு. முப்பது பேருக்குள்தான் இருப்போம். பேராசிரியரை எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்கு வாய் வரவில்லை, கடைசிவரை புரொஃபசர்தான். முதல் இரண்டு வாரமும் அந்த வேலைநிறுத்தமே. சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட்டில் 1968 நவம்பர் 6 அன்று தொடங்கி, அடுத்த மார்ச் வரை நீண்டது. ஜார்ஜ் முர்ரே என்ற கறுப்பின ஆசிரியரை இடைநீக்கம் செய்ததுதான் பொறி. கறுப்பின மாணவர் சங்கமும், மற்ற சிறுபான்மை மாணவர்கள் சேர்ந்த மூன்றாம் உலக விடுதலை முன்னணியும் முன்னால் நின்றன. அதன் முடிவில்தான் எத்னிக் ஸ்டடீஸ் என்று தனிக் கல்லூரியே கிடைத்தது.

"வெள்ளைக்காரனைத் திட்டுவதற்கு ஒரு பட்டமா?" என்று கேட்பவர்களுக்கு அந்த வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைநிறுத்தத்தின்போது கல்லூரியின் தற்காலிகத் தலைவர் எஸ்.ஐ. ஹயகாவா. ஜப்பானிய வம்சாவளி, கனடாவில் பிறந்தவர், மொழி அறிஞர். டிசம்பர் 2 அன்று மாணவர்களின் ஒலிபெருக்கி வண்டி மேல் ஏறி ஒயர்களைப் பிடுங்கிப் போட்டார். அதில் கிடைத்த புகழோடு 1976-இல் செனட்டர் தேர்தலில் ஜெயித்தும் விட்டார். பேராசிரியர் அந்தப் படத்தைத் திரையில் போட்டுவிட்டு, "இவரை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?" என்று கேட்டார். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அவர் தீர்ப்பு சொல்லாமல் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். பிரச்சாரம் செய்கிறவர் அப்படி விட மாட்டார்.

இந்த வகுப்புக்குக் கொடுத்த காசு செரித்தது சான் புரூனோவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனபோதுதான். சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வரக் கூடாது என்று 1882-இல் சட்டம். 1906 பூகம்பத்தையொட்டிய தீயில் சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவுகள் எரிந்துபோக, "நான் இங்கேதான் பிறந்தேன், ஊரில் எனக்கு மகன்கள் இருக்கிறார்கள்" என்று பலர் பதிந்துகொண்டு, அந்தப் பெயரில் ஆட்களை வரவழைத்தார்கள். காகிதத்தில் மட்டும் மகனாக இருந்தவர்களைப் பிடிக்க, 1910 முதல் 1940 வரை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள ஏஞ்சல் தீவில் அதிகாரிகள் விசாரணை நடத்தினார்கள். அந்தக் கோப்புகள் இங்கே இருக்கின்றன.

என் கைக்கு வந்த கோப்பில் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையனின் படம். விறைத்த கழுத்து, பெரிய ஆள் சட்டை. அடியில் தட்டச்சு செய்த மெல்லிய தாள்கள். உன் வீடு எந்த வரிசையில்? அந்த வரிசையில் எத்தனை வீடு? மூன்றாம் வீட்டில் யார்? வாசலில் எத்தனை படி? அரிசிப் பானை எங்கே இருக்கும்? கிணறு எந்தத் திசையில்? அப்பாவைத் தனியாகக் கேட்டு, இரண்டு பதில்களையும் ஒப்பிடுவார்கள். ஒத்துப்போகாவிட்டால் கப்பலேற்றித் திருப்பி அனுப்பலாம். அதற்காகவே விடைகளைக் கையேடாக எழுதி, கப்பலில் மனப்பாடம் செய்து, கரை தெரியும் முன் கடலில் வீசிவிடுவார்களாம். கோப்பின் கடைசித் தாளில் மையில் வரைந்த ஊர் வரைபடம், கட்டம் கட்டமாக வீடுகள்.

பக்கத்திலிருந்த பிள்ளைகள் அரிசிப் பானையைப் படித்துச் சிரித்தார்கள். எனக்கு முதல் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. நம் ஊரில் வீடு பார்க்கப் போனாலும், பெண் பார்க்கப் போனாலும், "ஊர்ல எந்தத் தெரு?" என்று சிரித்த முகத்தோடு கேட்பார்களே, அந்தக் கேள்வி எதற்கு என்று தமிழருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

என் குறையும் இங்கேதான். தெற்காசியர்களுக்கு என்று ஒதுக்கியது ஒரே வாரம். அதில் அமெரிக்கக் குடியுரிமை கேட்ட பகத் சிங் திந்த் வழக்கு. 1923-இல் உச்ச நீதிமன்றம் அவர் வெள்ளையர் அல்ல, குடியுரிமை கிடையாது என்றது. அவர் தரப்பு வாதத்தில் உயர்சாதிப் பிறப்பும் ஆரிய வம்சமும் சாட்சியாக வந்து நிற்கின்றன. பிறகு வைஷ்ணோ தாஸ் பகாய்: அந்தத் தீர்ப்பால் வாங்கிய குடியுரிமையை இழந்து, 1928-இல் உயிரை மாய்த்துக்கொண்ட சான் பிரான்சிஸ்கோ வியாபாரி. அவர் மனைவி கலா பகாய் பெயரில் இப்போது பெர்க்லியில் ஒரு தெரு இருக்கிறது. பகாய் கதையை நன்றாக நடத்தினார்கள். ஆனால் திந்த் சாதியைத் தூக்கிப் பிடித்ததை ஒரு வரியில் கடந்துவிட்டார்கள். 2022 ஜனவரியில் கால் ஸ்டேட் தன் பாகுபாடு தடுப்பு விதியில் சாதியைச் சேர்த்தது. மாநிலம் முழுக்க அப்படிச் சொல்லும் எஸ்பி 403 மசோதாவை 2023-இல் ஆளுநர் நிராகரித்தார். இத்தனை சமாச்சாரம் இருந்தும் வகுப்பின் கடைசி இருபது நிமிடம்தான் அதற்கு. இந்திய மாணவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானாகப் பேசினேன். பேராசிரியர் கவனமாகக் குறிப்பெடுத்துக்கொண்டார். ஆனால் மேலே பேச அவரிடம் பாடம் இல்லை. ஈழத் தமிழர் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வேலை கிடைக்குமா? இதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். உயர்நிலைப் பள்ளிகளிலும் இதைக் கட்டாயமாக்கும் ஏபி 101 சட்டம் 2021-இல் வந்தது, ஆனால் மாநிலம் பணம் ஒதுக்கினால்தான் செல்லும் என்ற நிபந்தனையோடு. 2025 பட்ஜெட்டில் பணம் ஒதுக்கவில்லை. ஆசிரியர் பயிற்சியோடு இதை மைனராக, அதாவது துணைப் பாடமாகச் சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். நான் அதைத்தான் செய்கிறேன். 2024-25-இல் கால் ஸ்டேட் டியூஷன் வருடத்துக்கு 6,084 டாலர், வளாகக் கட்டணம் தனி. மைனருக்கென்று தனிக் காசு கேட்பதில்லை.

ஆன்லைன் வகுப்புக்கு என் மதிப்பெண் ஐந்தில் ஒன்று, அதுவும் விலைக்காக. நேரடி வகுப்புக்கு நான்கு. சாதிக்கு ஒரு முழு வாரம் ஒதுக்கினால் மிச்ச ஒன்றையும் தருவேன். பதிவு செய்யும்போது பாடத்திட்டத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் பாருங்கள். காப்பகத்துக்கோ ஏஞ்சல் தீவுக்கோ கூட்டிப்போகும் ஆசிரியர் என்றால் வேறு யோசனையே வேண்டாம், முதல் நாளே இடத்தைப் பிடியுங்கள். அப்புறம், சான் புரூனோவுக்குப் பேனா எடுத்துப் போகாதீர்கள்; வாசிப்பறையில் பென்சில் மட்டும்தான்.