வண்டியில் ரேடியோ: நான்கு வருடத்துக்குப் பிறகு எழுதுவது

என் ஃபோர் பை ஃபோர் வண்டியில், வண்டிக்கு வண்டி பேச உதவும் விஎச்எஃப் ரேடியோவைப் பொருத்தி நான்கு வருடம் ஆகிறது. அதைத் தொடர்ந்து கூடுதல் விளக்குகள், தனி ஃபியூஸ் பெட்டி, இரண்டாவது பேட்டரி என்று ஒவ்வொன்றாக ஏறின. பொருத்திய முதல் மாதத்திலேயே எழுதியிருந்தால் ரேடியோவின் திரையையும் ஒலித் தெளிவையும் பற்றி நிறைய சொல்லியிருப்பேன். இன்று சொல்ல இருப்பது வேறு. காசு கொடுத்து வாங்கிய பெட்டிகளில் ஒன்றுகூட இதுவரை பழுதாகவில்லை. தொல்லை கொடுத்தவை பெரும்பாலும் நான் கையால் போட்ட இணைப்புகள்தான். அதனால் ரேடியோவைவிட வயரைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் ஏன் ரேடியோ என்பதைச் சொல்லிவிடுகிறேன். காட்டுப் பாதையில் நாலைந்து வண்டிகள் சேர்ந்து போகும்போது மொபைல் சிக்னலை நம்ப முடியாது. கையடக்க வாக்கி டாக்கி 5 வாட்தான். அதன் குட்டை ஆன்டெனா இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்திருப்பதால் அந்த 5 வாட்டிலும் பெரும்பகுதி வெளியே போவதில்லை. வண்டியில் பொருத்தும் ரேடியோ 50 வாட், ஆன்டெனா கூட்டுக்கு வெளியே. விஎச்எஃப் அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில்தான் போகும். சமதளத்தில் இரண்டு வண்டிகளின் ஆன்டெனாவும் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் கணக்குப்படி சுமார் 11 கிலோமீட்டர். நடுவில் ஒரு குன்று வந்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. ஆனால் தூசியில் முன் வண்டி தெரியாமல் போகும்போது எனக்குத் தேவை ஒரு கிலோமீட்டருக்குள் தெளிவான பேச்சு, அது தவறாமல் கிடைக்கிறது. ஒன்றை மறக்க வேண்டாம்: நான் பயன்படுத்தும் 144 மெகாஹெர்ட்ஸ் ஹாம் (பொழுதுபோக்கு வானொலியாளர்களுக்கான) அலைவரிசையில் பேச தேர்வெழுதி உரிமம் வாங்க வேண்டும். ரேடியோ வாங்கும் முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

முதல் வருடம் அவசரத்தில் ஒரு குறுக்குவழி எடுத்தேன். டேஷ்போர்டில் இருக்கும் 12 வோல்ட் சாக்கெட்டுக்குப் போகும் வயரிலிருந்தே ரேடியோவுக்கும் மின்சாரம் எடுத்தேன். கேட்கும்போது ரேடியோ இழுப்பது அரை ஆம்பியர்தான், அதனால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிந்தது. பேச பொத்தானை அழுத்தினால் அதே ரேடியோ 11 ஆம்பியர் கேட்கிறது. முதல் நீண்ட பயணத்திலேயே முன் வண்டியில் இருந்த அண்ணன், "தம்பி, முதல் வார்த்தை நல்லா கேக்குது, அப்புறம் கரகரன்னு போயிடுது" என்றார். ரேடியோவில்தான் கோளாறு என்று முடிவு கட்டி அதைக் கழற்றும் அளவுக்குப் போய்விட்டேன். நல்லவேளையாக அதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்தேன். இன்ஜின் அணைத்த நிலையில் பேட்டரி முனையில் 12.5 வோல்ட். பேசும் நேரத்தில் ரேடியோவின் முதுகில் 11.2 வோல்ட். நடுவில் இருந்த ஒல்லி வயரும் இரண்டு மூன்று இணைப்புகளும் 1.3 வோல்ட்டைத் தின்றுகொண்டிருந்தன.

இந்தக் கணக்கு எளிது, ஒருமுறை போட்டுப் பார்த்தால் மனதில் நின்றுவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 7.4 மில்லி ஓம் தடை. பேட்டரியிலிருந்து ரேடியோவுக்கு 4 மீட்டர் என்றால் போக வர 8 மீட்டர். 11 ஆம்பியருக்கு 0.65 வோல்ட் அதிலேயே போய்விடும். அதே தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் அடங்கும். நான் 6-ஐத் தேர்ந்தெடுத்து, பேட்டரியிலிருந்து நேராக ரேடியோவுக்கென்றே தனி வயர் இழுத்தேன். பிளஸ் வயரில் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். ஃபியூஸ் காப்பாற்றுவது முதலில் வயரைத்தான், ரேடியோவை அல்ல. அதை ரேடியோ பக்கம் மட்டும் வைத்தால் நடுவில் இருக்கும் 4 மீட்டரும் பாதுகாப்பில்லாமல் கிடக்கும். மைனஸ் வயரை எங்கே மாட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். புதிய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் மைனஸ் முனையிலேயே மின்னோட்டத்தை அளக்கும் ஒரு சென்சார் இருக்கும். நேரடியாக அந்த முனையில் மாட்டினால் நாம் எடுக்கும் மின்சாரம் அதன் கணக்கில் வராது. சென்சாருக்கு அந்தப் பக்கம், சேஸிஸில் எர்த் இறங்கும் இடத்தில் மாட்டினேன். அன்றிலிருந்து என் பேச்சு நடுவில் உடைந்ததாக யாரும் சொல்லவில்லை.

ஆன்டெனா பற்றிச் சொன்னால் ஒரு நாள் போதாது. இந்த 144 மெகாஹெர்ட்ஸுக்கு கால் அலை ஆன்டெனா (அலைநீளத்தில் கால் பங்கு நீளம்) சுமார் 49 சென்டிமீட்டர்தான், அதனால் நீளம் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை அதன் அடியில். கால் அலை ஆன்டெனாவுக்கு வண்டியின் இரும்புதான் மறுபாதி. கூரை நடுவில் வைத்தால் எல்லாத் திசையிலும் சமமாகப் போகும். ஆனால் என் கூரையில் கேரியர் இருக்கிறது, தாழ்ந்த கிளைகளும் அடிக்கும். எனவே பானட் ஓரத்தில் கவ்வும் பிராக்கெட்டில் வைத்தேன். ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரில் (1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 2.4 காட்டியது. அதாவது அனுப்பும் சக்தியில் சுமார் 17 சதவீதம் திரும்பி வருகிறது. காரணம் பெயின்ட். பிராக்கெட்டின் திருகு பெயின்ட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது, இரும்பைத் தொடவே இல்லை. அந்த இடத்தை மட்டும் சுரண்டி இரும்பைத் தொடவைத்து, மேலே துருப்பிடிக்காமல் காக்கும் மெழுகு பூசினேன். 1.8 ஆனது. பானட் என்பது கிரீஸ் தடவிய கீல்களில் தொங்கும் தகடு. அது வண்டி உடலோடு நல்ல மின்தொடர்பில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பின்னல் செம்புப் பட்டை ஒன்றால் பானட்டை உடலோடு இணைத்ததும் 1.3-க்கு இறங்கியது. இப்போது திரும்பி வருவது 2 சதவீதத்துக்கும் குறைவு. ஓரத்தில் இருப்பதால் எதிர்ப்பக்கத் திசையில் கொஞ்சம் பலம் குறைவு என்பது உண்மைதான், அதை ஏற்றுக்கொண்டேன்.

விளக்குகள் வந்த பிறகு புதிதாக ஒரு தலைவலி. முன்னால் பொருத்திய எல்இடி பட்டையைப் போட்டால் ரேடியோவில் ஒரே இரைச்சல். அணைத்தால் அமைதி. இரவில், வெளிச்சமும் பேச்சும் ஒன்றாகத் தேவைப்படும் நேரத்தில் இப்படி ஆவது வெறும் அசௌகரியம் மட்டுமல்ல, ஆபத்து. எல்இடிக்குள் மின்னழுத்தத்தை மாற்றும் சுற்று ஒரு விநாடியில் லட்சக்கணக்கான முறை அணைந்து எரிகிறது, அதன் சிதறல்தான் ஆன்டெனாவுக்கு வருகிறது. விளக்கின் பிளஸ், மைனஸ் வயர்களை ஒன்றோடொன்று முறுக்கினேன், விளக்குக்கு அருகிலேயே இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டினேன், ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளை அந்த வயரிலிருந்து தள்ளி இழுத்தேன். பாதி குறைந்தது. மீதியைக் குறைக்க முடியவில்லை. கடைசியில் விளக்கையே மாற்றினேன். இந்த முறை வாங்குமுன் பார்த்தது வெளிச்ச அளவை அல்ல, சிஐஎஸ்பிஆர் 25 தரத்துக்கு உட்பட்டதா என்பதை. வண்டிக்குள் இருக்கும் ரேடியோக்களுக்கு இடையூறு வராமல் பார்க்கும் தரம் அது. புதிய விளக்கு பழையதைவிட வெளிச்சம் சற்றுக் குறைவு. எனக்கு அதில் வருத்தமே இல்லை. (இன்ஜின் வேகம் கூடக் கூட ஸ்பீக்கரில் சுருதி ஏறும் ஒரு முனகல் கேட்டால் அது ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்றி மின்சாரம் தரும் கருவி) சமாச்சாரம், விளக்கைச் சந்தேகிக்க வேண்டாம்.)

இரண்டாவது பேட்டரியில்தான் காலமும் காசும் அதிகம் போனது. முகாமில் ரேடியோ, குளிர்பெட்டி, விளக்கு எல்லாம் ஓடி, காலையில் இன்ஜினும் கிளம்ப வேண்டும் என்றால் தனி பேட்டரி வேண்டும். முதலில் மின்னழுத்தத்தைப் பார்த்து இணைக்கும் ரிலே (தானே இயங்கும் ஸ்விட்ச்) வைத்தேன். முதல் பேட்டரி 13.3 வோல்ட்டைத் தாண்டினால் இரண்டையும் சேர்க்கும், 12.8-க்கு இறங்கினால் பிரிக்கும். எளிமையானது, பழைய வண்டிகளுக்கு நல்லது. என் வண்டியில் இருப்பது எரிபொருள் மிச்சம் பிடிக்கும் வகை ஆல்டர்னேட்டர். சீராக ஓடும்போது முதல் பேட்டரி நிறைந்துவிட்டது என்று தெரிந்தால் மின்னழுத்தத்தைத் தானே இறக்கிவிடும். ரிலே பிரிந்துவிடும், பின்னால் இருக்கும் பேட்டரி பட்டினி. நாள் முழுக்க ஓட்டிய பிறகும் அதில் 12.3 வோல்ட்டுக்கு மேல் பார்த்ததில்லை. ஈய பேட்டரியில் ஓய்வு நிலையில் 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. அதற்குக் கீழே அடிக்கடி போனால் ஆயுள் குறையும். ஒரு வருடம் இப்படி ஓட்டிவிட்டு, 25 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜருக்கு மாறினேன். உள்ளே வரும் மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கினாலும் வெளியே பேட்டரிக்குத் தேவையான 14.4-ஐ அது கொடுத்துவிடும். உங்கள் வண்டியில் இப்படிப்பட்ட ஆல்டர்னேட்டர் இருந்தால் ரிலேயில் காசு போடாமல் நேராக இதற்கே போங்கள். இன்னொன்று, இரண்டு பேட்டரிகளுக்கு நடுவே ஓடும் வயருக்கு இரண்டு முனையிலும் ஃபியூஸ் வேண்டும். நடுவில் எங்கே உரசினாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் மின்சாரம் பாயும். பலர் ஒரு பக்கம் மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

மூன்றாவது வருடம் நடந்ததை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வருடாந்தரப் பரிசோதனையில் டேஷ்போர்டின் கீழே கவரைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். இன்ஜினுக்கும் உட்புறத்துக்கும் நடுவே இருக்கும் இரும்புத் தகடான ஃபயர்வாலில் ஏற்கெனவே இருந்த ஓட்டை வழியாக, விளிம்பு வயரை வெட்டாமல் காக்கும் ரப்பர் கிராமெட்டுக்குள் போன முதல் வயர் புதிதுபோல இருந்தது. விளக்குக்காகப் பிறகு இழுத்த வயரை அதே கிராமெட்டுக்குள் நுழைக்க இடமில்லாமல், பக்கத்தில் சின்ன ஓட்டை போட்டு, விளிம்பில் டேப் மட்டும் சுற்றி அனுப்பியிருந்தேன். டேப் கிழிந்து, காப்புறை தேய்ந்து, செம்பு பளபளவென்று தெரிந்தது. இரும்பு விளிம்புக்கும் அதற்கும் ஒரு நகக்கண் இடைவெளி. அந்த வண்டியில் என் வீட்டு ஆட்களும் ஏறி உட்காருகிறார்கள். ஃபியூஸ் இருந்ததால் தொட்டிருந்தாலும் தீ பிடித்திருக்காது என்று அறிவு சொல்கிறது, ஆனாலும் அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாளே அந்த வயர் முழுவதையும் மாற்றி, ஓட்டையைப் பெரிதாக்கி, சரியான கிராமெட் போட்டு, இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்கு நெளிகுழாய் மாட்டினேன். இரும்பில் ஓட்டை போடும் யாரும் கிராமெட் கையில் இல்லாமல் அந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

சால்டர் வைத்த இணைப்பு ஒன்றும் உடைந்தது. சால்டர் உருகி வயருக்குள் கொஞ்ச தூரம் ஊறி அந்த இடத்தைக் கம்பிபோல விறைப்பாக்கிவிடுகிறது. விறைப்பு முடியும் இடத்தில் வயர் அதிர்ந்து அதிர்ந்து முறிகிறது. வயர் முனையை அழுத்தி இறுக்கும் நல்ல ராட்செட் கிரிம்பிங் கருவியும், சூட்டில் சுருங்கும், உள்ளே பசை இருக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயும்தான் கரடுமுரடுப் பாதைக்கு ஏற்றவை. கிரிம்ப் செய்து நான்கு வருடமான இணைப்புகளை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. விளக்கின் எர்த் போல்ட் துருப்பிடித்ததைக் கண்டுபிடித்தது இன்னொரு எளிய சோதனையில்: விளக்கை எரியவிட்டு, விளக்கின் எர்த் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே மீட்டரை வைத்தால் 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. எனக்கு 0.8 காட்டியது. வெளிச்சம் மங்கியிருப்பது அதுவரை கண்ணுக்குத் தெரியவே இல்லை.

தண்ணீரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஃபியூஸ் பெட்டியும் ரிலேக்களும் பானட்டுக்குள் முடிந்தவரை உயரத்தில், பிளக்குகள் கீழ்நோக்கி, வயர் உள்ளே நுழையுமுன் ஒரு தொங்கல். இந்த மூன்றும் இருந்ததால் ஆறு கடந்தபோதெல்லாம் எதுவும் நனையவில்லை.

தினசரிப் பயன்பாட்டில் மிகவும் பிடித்தது, ரேடியோவின் முகப்பைத் தனியாகக் கழற்றி டேஷ்போர்டில் வைத்து, உடலை சீட்டுக்குக் கீழே வைக்க முடிந்தது. ஆனால் ஸ்பீக்கரும் சீட்டுக்குக் கீழே போய்விடுவதால் தனி ஸ்பீக்கர் ஒன்றைத் தலைக்கு அருகில் பொருத்த வேண்டியிருந்தது. இதை முதல் நாளே செய்திருக்கலாம். மைக் கொக்கி கியருக்குப் பக்கத்தில் இருந்தால் பார்வையை எடுக்காமல் கை போகும். ரேடியோவை எப்போதும் உயிரோடு இருக்கும் வயரில் விட்டிருக்கிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை: அரை ஆம்பியர் ஒரு இரவுக்கு ஒன்றுமில்லை, இரண்டு வாரம் வண்டி நின்றால் 168 ஆம்பியர் மணி. என் 75 ஆம்பியர் மணி பேட்டரி ஒரு வாரம்கூடத் தாங்காது. சாவியோடு இயங்கும் ரிலே ஒன்றை வைத்து, முகாமுக்காக அதை மீறும் ஸ்விட்ச் ஒன்றும் வைத்திருக்கிறேன்.

போன வாரம் எஸ்டபிள்யூஆர் மீண்டும் 1.6 காட்டியது. செம்புப் பட்டையையும் பிராக்கெட்டையும் பார்த்தேன், சுத்தமாக இருக்கின்றன. ஆன்டெனா அடியில் கனெக்டரைத் திறந்தால் கோஆக்ஸின் பின்னல் பச்சை பிடித்திருக்கிறது. பின்னல் வழியே ஈரம் எவ்வளவு தூரம் உள்ளே ஏறியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. முனையை மட்டும் வெட்டிப் புதிய கனெக்டர் போடலாம், ஆனால் அப்படிச் செய்யப்போவதில்லை. அடுத்த பயணத்துக்கு முன் கேபிளை ரேடியோ வரை முழுவதும் மாற்றி, இந்த முறை கனெக்டரின் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இரண்டு சுற்று சுற்றப்போகிறேன்.