பானட் இல்லாத மாடல் ஏ-வுக்கு எந்த இன்ஜின்? ஃபிளாட்ஹெட், ஹெமி, சின்ன ஷெவி, நெயில்ஹெட்

1930-31 ஃபோர்டு மாடல் ஏ கூப்பேயை 1960 வாக்கில் கலிஃபோர்னியாவில் ஓடிய டிராக் கார் (நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்ப்பாதையில் போட்டி போடும் கார்) மாதிரி கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பானட் கிடையாது, முன் மட்கார்டு கிடையாது, பின்னால் வரிகள் இல்லாத அகலமான ஸ்லிக் டயர். காரோடு வந்த நாலு சிலிண்டர் இன்ஜின் தருவது 40 குதிரைத்திறன்தான். அதைக் கழற்றிவிட்டு வேறு என்ன வைப்பது?

குதிரைத்திறன் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் கார் கெட்டுவிடும். பானட் இல்லாத காரில் இன்ஜின்தான் முகம். அந்தக் காலத்துப் பையன் ஒருவன் இதை வைத்திருப்பானா, மாடல் ஏ-வின் குறுகலான சேஸிஸுக்குள் உட்காருமா, சாதாரண ரோட்டிலும் ஓட்ட முடியுமா என்றுதான் நான் பார்ப்பேன்.

முதலில் ஃபோர்டு ஃபிளாட்ஹெட் வி8. 1932-ல் 221 கன அங்குலம் (சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு), 65 குதிரைத்திறனோடு வந்து, பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டும் ஹாட் ராட் உலகத்தையே தொடங்கி வைத்த இன்ஜின். 1949-53 மெர்க்குரியின் 4 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கிராங்கைப் போட்டு, போரை, அதாவது சிலிண்டர் விட்டத்தை, 3 5/16 அங்குலத்துக்குக் கடைந்தால் 276 கன அங்குலம் கிடைக்கும். பார்க்க இதைவிட அழகான இன்ஜின் இல்லை. ஆனால் வால்வுகள் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் எரிந்த புகை முழுக்க பிளாக்கின் நடுவே, தண்ணீர் ஓடும் இடத்தை ஒட்டித்தான் வெளியே போக வேண்டும். ஒவ்வொரு பக்கமும் நடு சிலிண்டர்கள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே எக்ஸாஸ்ட் வழி. சூடும் விரிசலும் இந்த இன்ஜினோடு கூடப் பிறந்தவை. 1950-களின் தொடக்கத்துக் கார் மாதிரி வேண்டும் என்றால் சரி, இதை எடுக்கலாம். 1960 டிராக் கார் என்றால் அதற்குள் டிராக் ரேஸ் பாதையில் இதன் காலம் முடிந்திருந்தது.

கிரைஸ்லர் ஹெமி எல்லாரும் ஆசைப்படுவது. 1951-ல் 331 கன அங்குலத்தில் 180 குதிரைத்திறன். அப்புறம் 354, 1957-ல் 392. டிராக் ரேஸ் வீரர் டான் கார்லிட்ஸ் பெயர் வாங்கியது இந்தக் குடும்பத்து இன்ஜின்களை வைத்துத்தான். அரைக்கோள எரி அறையில் பெரிய வால்வுகளை எதிரெதிராகச் சாய்த்து வைக்கலாம், அதனால் காற்று தாராளமாக உள்ளே போய் வரும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் விலையுயர்ந்த சூப்பர்சார்ஜரும் நைட்ரோ என்ற ரேஸ் எரிபொருளும் போடுகிறவருக்கு இதற்கு ஈடே கிடையாது. நம் காருக்கு வரும்போதுதான் சிக்கல். எடை சுமார் 335 கிலோ, அதுவும் முன் ஆக்ஸில் மேல். ஹெட்கள் அகலமாக இருப்பதால் எக்ஸாஸ்ட் குழாயும் ஸ்டியரிங்கும் இடத்துக்கு மல்லுக்கட்டும். 1951-53 பிளாக்குகளில் பெல் ஹவுஸிங் (கியர்பாக்ஸ் மாட்டும் கூடு) பிளாக்கோடு சேர்த்தே பின்னால் நீண்டு வார்க்கப்பட்டிருக்கும்; வேறு கியர்பாக்ஸ் மாட்ட அதற்கென்றே அடாப்டர் வேண்டும். நல்ல பிளாக்கும் ஹெட்டும் கிடைப்பதே அரிது, கிடைத்தால் விலை கையைக் கடிக்கும்.

ஷெவர்லே ஸ்மால் பிளாக்கைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. 1955-ல் 265 கன அங்குலத்தில் வந்தபோதே அந்த கம்பெனியின் பழைய ஆறு சிலிண்டரைவிட எடை குறைவு. 1957-ல் 283 கன அங்குல இன்ஜின் ஃபியூல் இன்ஜெக்‌ஷனோடு 283 குதிரைத்திறன் தந்தது. அழுத்தி வார்த்த லேசான ராக்கர், குட்டை ஸ்ட்ரோக், எவ்வளவு சுற்றினாலும் சளைக்காது. எந்த கியர்பாக்ஸும் சேரும், எந்த ஊரிலும் பாகம் கிடைக்கும். மாடல் ஏ-வில் ரேடியேட்டர் இன்ஜினை ஒட்டி நிற்கும் என்பதால் 1968 வரை வந்த குட்டை வாட்டர் பம்ப் உள்ளதாகப் பார்த்து எடுக்க வேண்டும். அதற்குப் பின் வந்த நீளப் பம்ப் ஓர் அங்குலத்துக்கு மேல் இடத்தைத் தின்னும். 1955 பிளாக்கில் ஆயில் ஃபில்டருக்கு இடமே கிடையாது, அதையும் தவிர்க்கலாம். கையில் பணம் குறைவு, கார் சீக்கிரம் ஓட வேண்டும் என்றால் 283 அல்லது 327 எடுங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். ஒரே மனக்குறை, பத்து ஹாட் ராட் நிற்கிற இடத்தில் பெரும்பாலானவற்றில் இதே இன்ஜின்தான் இருக்கும்.

என் ஓட்டு ப்யூயிக் நெயில்ஹெட்டுக்கு. 1953-ல் 322, 1959-ல் 401, 1963-ல் 425 கன அங்குலம். வால்வுகள் சாயாமல் நேர்க்குத்தாக நிற்பதால் ஹெட் ஒல்லி. வால்வ் கவர் இரண்டும் படுத்த வாக்கில் வானத்தைப் பார்த்திருக்கும். பத்தடி தூரத்திலேயே அடையாளம் தெரியும். மொத்த இன்ஜினும் அகலம் குறைவு என்பதால் மாடல் ஏ சேஸிஸ் சட்டங்களுக்கு நடுவே கச்சிதமாக இறங்கும். எடை சுமார் 310 கிலோ, ஷெவியைவிட அதிகம்தான்.

குறை வால்வில் இருக்கிறது. 401 இன்ஜினுக்கு இன்டேக் 1.875 அங்குலம், எக்ஸாஸ்ட் 1.5 அங்குலம், அவ்வளவு பெரிய இன்ஜினுக்கு இது சின்ன வாசல். 5,000 ஆர்பிஎம் பக்கம் போனாலே மூச்சு வாங்கும். ஆனால் அதே சின்ன வாசல்தான் கீழ்ச் சுற்றில் காற்றை வேகமாக உள்ளே தள்ளுகிறது: 2,800 ஆர்பிஎம்மிலேயே 445 பவுண்டு-அடி டார்க் (சுழற்றும் விசை). ஏர் கிளீனர் மூடியில் ‘வைல்ட்கேட் 445’ என்று ப்யூயிக் எழுதியது குதிரைத்திறனை அல்ல, இந்த டார்க்கைத்தான். மாடல் ஏ மாதிரி லேசான காரை நின்ற இடத்திலிருந்து கிளப்ப வேண்டியது இதுதான். சிக்னலில் கால் வைத்தவுடன் கிடைக்கும் அந்தத் தள்ளலுக்காக மேல்ச் சுற்றை விட்டுக்கொடுக்க நான் தயார்.

காலமும் பொருந்துகிறது. 1957-ல் அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. நைட்ரோவைத் தடை செய்தபோது பெட்ரோலில் ஓடும் டிராக்ஸ்டர்களுக்கு மவுசு கூடியது. நடிகர் டாமி ஐவோ 1959-ல் இரண்டு நெயில்ஹெட்டைப் பக்கம் பக்கமாக வைத்து ஓட்டினார். பிறகு நான்கை வைத்து நான்கு சக்கரத்தையும் சுழற்றும் காரையே கட்டினார்.

ஜெனரல் மோட்டார்ஸின் பிற்கால வி8-களான எல்எஸ் குடும்பத்தையும் கேட்பார்கள். 1997 கொர்வெட்டில் வந்த எல்எஸ்1 345 குதிரைத்திறன், நம்பகம், எடை எல்லாவற்றிலும் முன்னால். பானட் உள்ள காருக்கு மறுபேச்சில்லாமல் அதைச் சொல்வேன். திறந்து கிடக்கும் மாடல் ஏ-வில் வால்வ் கவர் மேல் எட்டு இக்னிஷன் காயில் உட்கார்ந்திருந்தால் 1960 அங்கேயே காணாமல் போய்விடும்.

எதை வைத்தாலும் பழைய பின் ஆக்ஸில் தாங்காது. 1957 முதல் வந்த ஃபோர்டு 9 அங்குல ஆக்ஸிலுக்குப் பணம் ஒதுக்குங்கள், சேஸிஸ் சட்டத்தின் திறந்த பக்கத்தைத் தகடு வைத்து வெல்டிங் அடித்து மூடுங்கள்.

நெயில்ஹெட் தேடுபவர்கள் 1964-66 காரிலிருந்து சூப்பர் டர்பைன் 400 கியர்பாக்ஸோடு சேர்த்தே வாங்குவது நல்லது. அதற்கு முந்தைய ஆட்டோமேட்டிக்கான டைனாஃப்ளோ டிராக் ரேஸுக்கு ஆகாது. பிற்கால ப்யூயிக்கின் 400 கியர்பாக்ஸ் இந்த பிளாக்கில் நேராக மாட்டாது. ஸ்டார்ட்டர் இடது பக்கம், அதாவது ஸ்டியரிங் பக்கமே இருக்கும். அதனால் ஸ்டார்ட்டரை மாட்டி வைத்துவிட்டு ஸ்டியரிங் தண்டுக்கும் ஹெடர் எனும் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் அளவெடுங்கள். வெல்டிங் எல்லாம் அதற்கு அப்புறம்.