பழைய மாருதி 800-ஆ, அம்பாசிடரா?

கையில் கொஞ்சம் பணம், மனதில் பழைய கார் ஆசை. எதை வாங்குவது என்று குழம்புகிறவர்களுக்கு:

எரிபொருள்: 800-க்கு 796 சிசி, மூன்று சிலிண்டர், சிக்கனம். பெட்ரோல் அம்பாசிடர் நன்றாகக் குடிக்கும். டீசல் பரவாயில்லை, ஆனால் அந்தச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும்.

உதிரி பாகம்: இரண்டுமே 2014-இல் தயாரிப்பு நின்றுபோனவை. 800-க்குச் சின்ன ஊரிலும் சாமான் கிடைக்கும். அம்பாசிடருக்கு முதலில் ஒரு பழைய மெக்கானிக்கைப் பிடியுங்கள், அப்புறம் வண்டியைப் பாருங்கள்.

துரு: 800-இன் தகடு மெல்லிசு. பெயின்ட் பளபளப்பை நம்பாமல், காருக்குள் விரித்த மிதியடியைத் தூக்கித் தரையைத் தட்டிப் பாருங்கள். ஓட்டை இருந்தால் பேரமே வேண்டாம், நடையைக் கட்டுங்கள். அம்பாசிடர் தடிமன்தான், ஆனாலும் கதவுகளின் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் விடாதீர்கள்.

ஓட்டம்: 800 சந்து பொந்தெல்லாம் நுழையும்; ஏசியோடு மேடு ஏறினால் மூச்சு வாங்கும். அம்பாசிடரைத் திருப்பி நிறுத்துவதற்குள் தோள் வலிக்கும். ஆனால் அந்தப் பின் சீட்! பாட்டி சாய்ந்து தூங்கலாம்.

15 ஆண்டு தாண்டினால் இரண்டுக்கும் ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்கும் அலைச்சல் உண்டு.

தினசரி ஆபீசுக்கும் ஓட்டிப் பழகவும் 800. ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து கையைக் கறுப்பாக்குவதே சுகம் என்றால் அம்பாசிடர். சரி, அவசரத்துக்கு வீட்டில் ஒரு ஸ்கூட்டர் இருக்கட்டும்.