ஏழாண்டுகளாக என் கோய் குளத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்

பினாங்கு பயான் லெப்பாஸில் என் வீட்டுக்குப் பின்புறம் இருக்கும் 3,000 லிட்டர் கோய் மீன் குளத்துக்கு ஏழாண்டுகளாகப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்னும் ஊதா நிற உப்பைப் பயன்படுத்தி வருகிறேன். தோலிலும் செவுளிலும் ஒட்டுண்ணி பற்றி, மீன்கள் குளத்துச் சுவரில் உடம்பை உரசத் தொடங்கினால் மட்டுமே அதைக் கையில் எடுப்பேன்.

லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்பது என் கணக்கு. அதாவது முழுக் குளத்துக்கும் 6 கிராம். சமையலறைத் தராசில் ஒரு கிராம் பிசகினாலே அளவு ஆறில் ஒரு பங்கு மாறிவிடும் என்பதால், 0.1 கிராம் வரை காட்டும் சிறிய தராசு ஒன்றை வாங்கினேன். 20 பாகை வெப்பத்தில் 100 மில்லி நீரில் இது 6 கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும். அதை அறியாமல், முதல் ஆண்டு ஒரு குவளை நீரில் அவசரமாகக் கலக்கி ஊற்றியபோது, கரையாத மணி ஒன்று மீனின் முதுகில் படிந்து பழுப்பாகச் சுட்டுவிட்டது. இப்போது ஐந்து லிட்டர் வாளியில், அடியில் ஒரு மணிகூட மிஞ்சாதபடி கலக்குகிறேன்.

நிறம்தான் இங்கே கடிகாரம். இளஞ்சிவப்பு நான்கு மணி நேரம் நிற்க வேண்டும். அரை மணியிலேயே தேநீர் நிறமானால், ஒட்டுண்ணிக்குச் சேர வேண்டியதைக் குளத்துக் கசடு தின்றுவிட்டது என்று பொருள். ஆகவே முந்தின நாளே கசடை எடுத்துவிடுவேன். வடிகட்டியிலுள்ள நல்ல பாக்டீரியா சாகாதிருக்க அதைக் குளத்திலிருந்து பிரித்து, காற்றுப் பம்பை மட்டும் முழு வேகத்தில் ஓட விடுகிறேன். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் ஊற்றுவதற்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு அருகிலேயே இருக்கும்; அது ஊதா நிறத்தை உடனே போக்கிவிடும்.

உண்மையில் குளத்தைவிட அலமாரியே எனக்கு அச்சம் தந்த இடம். வேதியியல் ஆசிரியரான நண்பர் ஒருவர், இந்தப் புட்டிக்குப் பக்கத்தில் கிளிசரின் இருப்பதைப் பார்த்து, "அண்ணே, இது ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க, தீக்குச்சியே வேணாம்" என்றார். தானாக எரியாத இந்த உப்பு, தன்னிடமுள்ள ஆக்சிஜனைக் கொடுத்து மற்றதை எரிய வைக்கும். கிளிசரின் பட்டால் சிறிது நேரத்தில் நெருப்பே பிடிக்கும். கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு வெளிவரும். சிந்திய மணிகளை மரத்தூளாலோ தாளாலோ துடைக்காமல் பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளுகிறேன். எடுக்கும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தைப்பூசத்துக்கு வாங்கிய வேட்டியில் விழுந்த பழுப்புக் கறை மாங்கனீசு டை ஆக்சைடு. வைட்டமின் சி மாத்திரையைக் கரைத்துத் தேய்த்ததும் அது வெளுத்தது.

100 கிராம் புட்டி ஒன்று பதினாறு முறைக்குப் போதும் என்பதால், அதற்கு மேல் நான் வீட்டில் வைத்திருப்பதில்லை.