செகண்ட் ஒப்பீனியன் பேத்தாலஜி லேப்: ஆய்வுக்கு ஐந்து ஸ்டார், ஆபீசுக்கு இரண்டு

பயாப்ஸி ஸ்லைடுகளை வாங்கி மறுபடி பார்த்துச் சொல்லும் லேப் ஒன்றைப் பெரியப்பாவுக்காகப் பயன்படுத்தினோம். டாக்டர்கள் கெட்டிக்காரர்கள். ஆபீஸ்தான் சுமார்.

பெரியப்பாவுக்கு நுரையீரல் கட்டியை ஏற்கெனவே ஆபரேஷனில் எடுத்தாகிவிட்டது. அப்புறம் பார்த்தால் ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, ஆனால் எண்டோஸ்கோபியிலும் கொலனோஸ்கோபியிலும் ஒன்றுமில்லை. இரண்டும் எட்டாத சிறுகுடலில் இருந்தது கட்டி. கேமரா உள்ள கேப்சூலை விழுங்க வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். (குடலில் அடைப்பு இருந்தால் கேப்சூல் சிக்கிக்கொள்ளும் என்பதால் முதலில் சிடி ஸ்கேன் எடுத்தார்கள், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.) நுரையீரல் புற்று மூளை, எலும்பு, கல்லீரல், அட்ரினல் என்று பரவுவதுதான் வழக்கம், குடல் யாருக்கும் சட்டென்று தோன்றாது. சிறுகுடல் வரை போகும் பலூன் எண்டோஸ்கோபியில் எடுத்த துணுக்கைப் பார்த்த முதல் லேபும் ‘ஸ்பின்டில் செல் (கதிர் போல நீண்ட செல்) கட்டி, ஜிஸ்ட்டாக இருக்கலாம்’ என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. ஜிஸ்ட் குடல் சுவரிலேயே தோன்றுவது, அதற்குப் பெரும்பாலும் இமாட்டினிப் மாத்திரை கொடுப்பார்கள். இது நுரையீரலிலிருந்து வந்ததாக இருந்தால் அந்த மாத்திரை தண்டம்.

இந்த லேப் செய்த உருப்படியான காரியம், குடல் துணுக்கு கைக்கு வந்ததுமே பழைய நுரையீரல் ஆபரேஷனின் பாரஃபின் பிளாக்குகள் (திசுவை மெழுகில் பதித்து வைத்தவை) அத்தனையும் வேண்டும் என்று கேட்டது. பிளியோமார்ஃபிக் கார்சினோமா (நுரையீரல் புற்றில் ஓர் அரிய வகை) என்று உறுதியாகச் சொல்ல, கட்டியில் குறைந்தது 10 சதவீதமாவது ஸ்பின்டில் செல்லோ ராட்சச செல்லோ இருக்க வேண்டுமாம், அதை ஒரு சின்னத் துணுக்கில் எப்படிக் கணக்குப் போடுவது? பழைய ரிப்போர்ட்டில் வெறும் அடினோகார்சினோமா (நுரையீரல் புற்றில் பரவலாகக் காணும் வகை) என்று இருந்ததை, எல்லா பிளாக்கையும் பார்த்து பிளியோமார்ஃபிக் என்று திருத்திக் கொடுத்தார்கள். குடல் துணுக்கில் ஜிஸ்ட்டைக் காட்டும் சிடி117, டாக்1 இரண்டு ஸ்டெயினும் (சாயச் சோதனை) நெகட்டிவ், கார்சினோமாவைக் காட்டும் கெரட்டின் பாசிட்டிவ். நுரையீரலைக் காட்டும் டிடிஎஃப்-1 சில செல்களில் மட்டும் லேசாக. ஸ்பின்டில் பகுதியில் அது மறைந்துபோவது உண்டு, அதை வைத்து மட்டும் நுரையீரல் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது என்று கமென்ட் பகுதியில் தெளிவாக எழுதியிருந்தார்கள். அந்த ஒரு பத்திக்கே கொடுத்த காசு சரியாகப் போயிற்று என்பேன்.

இனி குறைகள். போன் செய்தால் ரிசப்ஷனைத் தாண்டிப் போகவே முடியாது, பேத்தாலஜிஸ்ட்டிடம் பேசவேண்டும் என்றால் உங்கள் டாக்டரே கூப்பிடவேண்டும். முடிவு மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒளிந்திருக்கிறது, முதல் பக்கம் முழுக்க பார்கோடும் நிபந்தனைகளும். நியாயமாகக் கோபம் வந்தது வேறு ஒன்றில்: ஒவ்வொரு ஸ்டெயினுக்கும் பிளாக்கிலிருந்து சுமார் 4 மைக்ரான் சீவுகிறார்கள், முதல் லேப் ஏற்கெனவே பாதியைத் தீர்த்திருந்தது, இவர்களும் பிடி-எல்1 புரதம், மெட் ஜீன் சோதனைகளுக்குத் திசு மிச்சம் வைக்கவா என்று எங்களிடம் கேட்கவே இல்லை. இந்த வகைப் புற்றில் அடுத்த மருந்தைத் தீர்மானிப்பதே அந்தச் சோதனைகள்தான். பழைய நுரையீரல் பிளாக் இருந்ததால் சமாளித்தோம். நீங்கள் அனுப்புவதாக இருந்தால், சாயம் போடாத ஸ்லைடுகள் சிலவற்றை முதலிலேயே வெட்டித் தனியாக வைக்கச் சொல்லி ஃபாரத்திலேயே எழுதிவிடுங்கள்.