நெடுநாள் நின்ற புல்லட்டுக்கு "எஞ்சினை ஸ்ட்ராங் ஆக்கித் தருகிறேன்" என்பவர்களிடம் எச்சரிக்கை

கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி வட்டாரங்களில் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் வைத்திருப்பவர்கள், அதிலும் வாங்கியவர் வெளிநாடு போய்விட்டதால் அதிகம் ஓடாமல் வீட்டில் நின்றுபோன வண்டியை வைத்திருப்பவர்கள், எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிப்பதற்கு முன் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். விவகாரம் புகார் நிலையில் இருப்பதால் பட்டறையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

வண்டி என் தாய்மாமா 1980களின் இறுதியில் வாங்கிய 350 சி.சி. புல்லட். அவர் சிங்கப்பூருக்குப் போன பிறகு ஊருக்கு வரும்போது மட்டும் எடுப்பார். ஓடோமீட்டரில் பதினாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் இருந்தது. சிலிண்டர் நட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. அதாவது 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) கம்பெனி அளவிலேயே இருந்தது. மன்னார்குடியிலிருந்து கும்பகோணத்துக்கு வேலைக்குப் போய்வர அந்த வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லி மாமா கொடுத்தார். நாள்தோறும் ஓடப்போகும் வண்டி என்பதால், நீடித்து உழைக்க ஏதேனும் மாற்ற வேண்டுமா என்று கேட்கத்தான் கும்பகோணத்தில் அந்தப் பட்டறைக்குப் போனேன்.

பட்டறைக்காரர் முதலில் எண்ணெய் அளவுகோலை உருவிக் காட்டினார். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. ஒரு லிட்டருக்குக் கிட்டத்தட்ட ஊற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினார். சைலன்சரிலிருந்து நீலப்புகை பட்டறை முழுக்கச் சூழ்ந்தது. "பாருங்க தம்பி, எண்ணெயக் குடிக்குது. ரிங்கு போயிடுச்சு, போரும் தேஞ்சிருக்கும். இத வச்சுக்கிட்டு டெய்லி ஓட்டுனீங்கன்னா நடுரோட்டுல நிக்க வேண்டியதுதான்" என்றார். கண்ணால் பார்த்த புகையை மறுத்துப் பேச யாராலும் முடியாது என்பதுதான் இந்த வித்தையின் பலம்.

உண்மையில் நடந்தது வேறு. இந்த எஞ்சினில் எண்ணெய்த் தொட்டி கிராங்க் கேஸோடு (எஞ்சினின் அடிக்கூட்டோடு) சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். தொட்டியிலிருந்து ஒரு பம்ப் எண்ணெயைக் கிராங்குக்கு (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டுக்கு) அனுப்ப, கீழே வடிந்ததை இன்னொரு பம்ப் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் தொட்டியிலுள்ள எண்ணெய் பம்ப் வழியே மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அதனால்தான் அளவுகோல் காலியாகக் காட்டும். அதனால்தான் கிளப்பியவுடன் கிராங்க் வாரியடிக்கும் எண்ணெய் பிஸ்டனைத் தாண்டி மேலே போய் எரிந்து புகையும். திருப்பியனுப்பும் பம்ப் அதை இறைத்து முடித்ததும் புகை தானாக நின்றுவிடும். இது தெரிந்தவர்கள், நின்ற வண்டியைக் கிளப்புவதற்கு முன் அடியிலுள்ள வடிகால் போல்ட்டைத் திறந்து, இறங்கிய எண்ணெயை ஒரு பாத்திரத்தில் பிடித்து அளந்து பார்ப்பார்கள். என் பட்டறைக்காரர் அதைச் செய்யவில்லை. மேலும் எண்ணெய் ஊற்றிப் புகையைக் கூட்டினார், புகை அடங்குவதற்குள் எஞ்சினையும் நிறுத்தினார்.

நான் வேலைப் பட்டியலை எழுதித் தரச் சொன்னேன். பழைய உதிரிகள் அனைத்தும் எனக்குத் திரும்பி வரவேண்டும் என்றும் சொன்னேன். ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி) ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன், பிக் எண்டில் (ராட் கிராங்கோடு சேரும் முனையில்) மிதவை புஷ்ஷுக்குப் (தளர்வாகச் சுழலும் உலோக வளையத்துக்குப்) பதிலாக ரோலர் பேரிங் உள்ள கனெக்டிங் ராட், அதிகம் இறைக்கும் ஆயில் பம்ப் என்று எழுதி, கூலியோடு 38,500 ரூபாய் போட்டுத் தந்தார். மூன்றும் உண்மையிலேயே இந்த எஞ்சினுக்குச் செய்யப்படும் வேலைகள்தாம். ஏமாற்று என்று சந்தேகிக்க அதில் ஒன்றும் இல்லை. வண்டி திரும்பி வந்தபோது பழைய உதிரிகள் வரவில்லை. "எல்லாம் பழைய இரும்புல போட்டாச்சு தம்பி" என்பதே பதில். தேயாத கம்பெனி பிஸ்டனும் ராடும் பழைய இரும்பு விலைக்குப் போகும் பொருள்களல்ல. அவற்றைத் தேடி வாங்குகிற கூட்டம் தனியாக இருக்கிறது.

வேலை முடிந்து வந்த நாளிலிருந்தே கால் வைக்கும் கம்பியில் முன்பு இல்லாத அதிர்வு இருந்தது. ரன்னிங் இன் (புது உதிரிகள் பழகும்வரை மெதுவாக ஓட்டுவது) முடியட்டும் என்றார்கள். வலங்கைமான் வழியாக நிதானமாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல நெடுநேரம் நின்று, கேட் திறந்து மன்னார்குடிச் சாலையில் கொஞ்ச தூரம் போனதும் எஞ்சின் இறுகி, பின்சக்கரம் இழுத்துக்கொண்டு நின்றது. கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன்.

பட்டறையில், நான் விரட்டி ஓட்டியதால் சீஸ் ஆனது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வண்டியை மன்னார்குடிக்கு ஏற்றி வந்து, புல்லட் வேலை மட்டுமே பார்க்கும் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் விட்டேன். அவர் என்னை அருகில் உட்கார வைத்துக்கொண்டே பிரித்தார். பிஸ்டனின் பக்கவாட்டில், ராடோடு இணைக்கும் பின் (pin) செருகும் துளைக்கு இருபுறமும் நான்கு மூலைகளில் நான்கு செங்குத்து உரசல்கள் ஒரே அளவில் இருந்தன. எண்ணெய் வராமல் சீஸ் ஆனால் சிராய்ப்பு இப்படி நான்கு மூலையில் மட்டும் ஒழுங்காக நிற்காது, இது சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி போதாததால் வருவது என்று அவர் விளக்கினார். ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் சாதாரண வார்ப்புப் பிஸ்டனைவிட அதிகம் விரியக்கூடியது. அதற்கேற்ப லேத்தில் இடைவெளி கூடுதலாக விட வேண்டும். சாதாரணப் பிஸ்டனுக்குரிய இடைவெளியையே விட்டிருக்கிறார்கள்.

பம்ப் கதை இன்னும் மோசம். அவர் பம்ப்பின் பிளஞ்சரை (எண்ணெயைத் தள்ளும் உருளையை) உருவித் துணியில் துடைத்து வெர்னியரில் பிடித்தார். தன் பெட்டியிலிருந்த சாதாரண பிளஞ்சர் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பிடித்தார். இரண்டும் ஒரே அளவு. அதிகம் இறைக்கும் பம்ப்பில் பிளஞ்சர் பருமனாக இருக்க வேண்டும். மாற்றாத பொருளுக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள். ரோலர் ராட் மட்டும் உண்மையாகவே போடப்பட்டிருந்தது. ஆனால் கிராங்கைப் பிரித்து மீண்டும் சேர்த்தவர்கள் அதை நேர்பார்க்கவே இல்லை. வீ பிளாக்கில் வைத்து டயல் கேஜ் பொருத்திச் சுற்றியபோது முள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்ததும் கால்கம்பி அதிர்வின் காரணம் புரிந்தது.

அப்படியானால் இந்த வண்டிக்கு என்னதான் செய்திருக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். குறைவாக ஓடி நெடுநாள் நின்ற எஞ்சினில் இரும்பு கெடுவதில்லை, ரப்பரும் கார்க்கும்தான் கெடுகின்றன என்றார். ஆயில் சீல்கள், டைமிங் கவருக்குள் கிராங்குக்கு எண்ணெய் நுழையும் இடத்திலுள்ள கார்க் வாஷர், பெட்ரோல் குழாய், ஆயில் ஃபில்டர், கார்புரேட்டர் சுத்தம், பாயிண்ட் செட், புது 20டபிள்யூ-50 எண்ணெய், அவ்வளவுதான். அந்தக் கார்க் வாஷர் இறுகிப்போனால் எவ்வளவு பெரிய பம்ப் போட்டாலும் பிக் எண்டுக்குப் போக வேண்டிய எண்ணெய் வழியிலேயே ஒழுகிவிடும். மிதவை புஷ் நம் சாலைகளில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற வண்டிக்குப் போதுமானது. ராடை மேலும் கீழும் அசைத்துப் பார்த்து ஆட்டம் தெரிந்தால்தான் ரோலரைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. எனக்கும் இப்போது அதுவே சரியென்று படுகிறது.

எனவே புகையைக் காட்டி எவராவது ரிங் போய்விட்டது என்றால், வடிகால் போல்ட்டைத் திறக்கச் சொல்லுங்கள். பிறகு அளவாக எண்ணெய் இருக்கும் நிலையில் எஞ்சின் சூடாகும்வரை ஓடவிட்டுப் பாருங்கள். சிலிண்டரைக் கழற்றினால் போரை உங்கள் முன்னால் அளந்து அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். வண்டியை விடுவதற்கு முன் எஞ்சின் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அந்த நம்பர் உள்ள கிராங்க் கேஸே மாறிப்போனால் பதிவுப் புதுப்பிப்பின்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

பட்டறை கும்பகோணத்தில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்க முடிந்தது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்தும் பதிவு செய்யலாம். கையெழுத்திட்ட அந்தப் பட்டியல், ஜிபே ரசீது, பிரித்தபோது எடுத்த படங்கள், மன்னார்குடி மெக்கானிக் எழுதிக் கொடுத்த அளவுகள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். சிலிண்டருக்கு ஸ்லீவ் (உள்ளுறை) போட்டு மீண்டும் 70 மி.மீ. அளவுக்கே கொண்டுவரும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதன் செலவையும் புகாரில் கோரியிருக்கிறேன்.