வேட்டைக்காரர்களுக்கான குழுப் பயிற்சி: 1,480 டாலர் போனதும் மூன்று நாள் சலைன் ஏறியதும்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிப் பதினொரு நாள் ஆகிறது. நேற்று மாலை அந்த உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வந்த பதிலைப் படித்த பிறகு, இதை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. கொலராடோவில் டென்வரை ஒட்டிய புறநகர் ஒன்றில், எல்க் எனும் பெரிய மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கென்றே தீவிரக் குழுப் பயிற்சி நடத்தும் ஒரு கூடத்தில் 1,480 டாலர் கட்டி ஏமாந்தேன். பெயரை எழுதப்போவதில்லை. கிடங்கு போன்ற கட்டடம், மேலே சுருண்டு ஏறும் இரும்புக் கதவு, உள்ளே மணல் மூட்டைகளும் கம்பிகளும், ஒரு பெரிய வெள்ளைப் பலகை: இப்படிப்பட்ட கூடங்கள் இங்கே எத்தனையோ இருக்கின்றன. எனக்குத் தெரிந்தே நம்மவர் நான்கு பேர் இந்த ஆண்டு வேட்டைக்கல்வி வகுப்பை முடித்திருக்கிறார்கள் என்பதால், இத்தகைய கூடத்தில் சேருமுன் என்னென்ன கேட்க வேண்டும் என்பதையும் இறுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் ஏன் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகள் முன்னுரிமைப் புள்ளி சேர்த்து, இந்த ஆண்டுதான் குலுக்கலில் எனக்கு எல்க் உரிமம் கிடைத்தது. அக்டோபர் நடுவில் வரும் முதல் ரைஃபிள் பருவம் அது, ஐந்தே நாள். எனக்கு வயது 43. பகல் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து மென்பொருள் எழுதும் வேலை. டென்வர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எல்க் திரியும் காடுகளோ 3,000 மீட்டரை ஒட்டியவை. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். எலும்பை நீக்கினாலும் தொண்ணூறு, நூறு கிலோ இறைச்சி தேறும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் வீணாக விட்டுவருவது கொலராடோவில் சட்டப்படி குற்றம் என்பதால், ஒரு நடைக்கு முப்பது கிலோ என்று வைத்துக்கொண்டாலும் மூன்று, நான்கு நடை சுமந்தே ஆக வேண்டும். சென்ற ஆண்டு நண்பர் ஒருவருக்குத் துணையாகப் போயிருந்தேன். ஒரு பின்தொடையை முதுகுப்பையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கியபோது, ஏறும்போது வாங்கிய மூச்சைவிட, இறங்கும்போது தொடைகள் நடுங்கியதுதான் என்னைப் பயமுறுத்தியது.

எனவே பயிற்சி வேண்டும் என்று நான் நினைத்ததில் தவறில்லை. இன்றும் அந்தப் பயிற்சி முறையின் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. குறைந்த நேரத்தில் உச்ச வேகத்தில் உழைத்து, சற்றே ஓய்ந்து, மீண்டும் உழைப்பதால் மூச்சுத் திறன் நன்றாக உயரும் என்பது ஆய்வில் கண்ட உண்மை. ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டா 1996இல் வெளியிட்ட ஆய்வில், இருபது விநாடி உழைப்பு, பத்து விநாடி ஓய்வு என்ற முறையைச் சைக்கிள் கருவியில் ஆறு வாரம் செய்த இளைஞர்களுக்கு, உடல் பயன்படுத்தும் உயிர்வளியின் உச்ச அளவும் கடும் உழைப்பைத் தாங்கும் திறனும் ஒருசேர உயர்ந்தன. கூட்டமாகச் செய்யும்போது சோம்பல் போய்விடுகிறது. பக்கத்தில் ஒருவர் மூட்டையைத் தூக்கும்போது நாம் உட்கார்ந்துவிட மாட்டோம். மூச்சிரைக்க ஓடி வந்து நின்று, நெஞ்சு அடித்துக்கொள்ளும் நிலையிலேயே குறிபார்த்துப் பழகுவது மலையில் உண்மையாகவே உதவும். இந்த நன்மைகளை மறைத்து எழுதினால் நானும் பொய் சொன்னவனாவேன்.

நான் ஏமாந்தது அந்த முதல் சந்திப்பில்தான். சுவரில் ஆறு கிளை பிரிந்த எல்க் கொம்பு மாட்டியிருந்தது. தலைமைப் பயிற்சியாளர் தன் சொந்த முதுகுப்பையைக் கழற்றி என் தோளில் மாட்டி, இடுப்புப் பட்டையைத் தானே குனிந்து இறுக்கி, "பாரம் தோளில் அல்ல, இடுப்பில்தான் உட்கார வேண்டும்" என்று சொல்லிக்கொடுத்தார். சென்ற ஆண்டு மலையில் எனக்கு யாரும் சொல்லித்தராத ஒன்றை அவர் இரண்டு நிமிடத்தில் சொல்லித்தந்ததால் என் மனம் இளகிவிட்டது. மிச்சிகனில் மான் வேட்டைக்குப் போன 25 ஆண்களின் இதயத்துடிப்பை அளந்து 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றியும் சொன்னார். டிரெட்மில்லில் எட்டிய உச்சத்தைவிடக் காட்டில் சிலருடைய துடிப்பு கூடுதலாக இருந்ததாம். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன்; அந்த ஆய்வு உண்மையானதுதான். ஆனால் அதைச் சொல்லிப் பணம் வாங்கியவர், சேருமுன் இதயப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு ஒரு படிவத்தை அட்டையில் செருகி நீட்டினார். அதில் நான் மூன்று விஷயங்களைத் தெளிவாக எழுதினேன். கீழ்முதுகில் வட்டு பிதுங்கி 2019இல் இரண்டு மாதம் படுத்திருந்தேன். கொழுப்பைக் குறைக்க ஸ்டாட்டின் மாத்திரை தினமும் சாப்பிடுகிறேன். நான் போவது ரைஃபிள் வேட்டைக்கு, வில் வேட்டைக்கு அல்ல. அவர் என் தோளில் கை வைத்து, "இதை வைத்து உங்களுக்கென்றே பன்னிரண்டு வாரத் திட்டம் எழுதித் தருகிறேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் 1,480 டாலர் கொடுத்தேன். உண்மையான கட்டணம் 1,640 என்றும், வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பினால் 160 குறையும் என்றும் சொன்னார்கள். அந்தத் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு மொத்தத்தையும் ஒரே தவணையில் அனுப்பினேன். அதன் பிறகு, கையடக்கத் திரையில் வரிசையாகப் பக்கங்களைத் தள்ளிவிட்டு விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மூன்றாம் பக்கத்தில் இருந்தது பொறுப்புத் துறப்பு, அதாவது எனக்கு ஏதாவது ஆனால் கூடம் பொறுப்பல்ல என்ற ஒப்புதல், என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஜூலைக் கடைசியில் வகுப்பு தொடங்கியது. இருபத்து நான்கு பேர். ஒரே பயிற்சியாளர், அவரும் தலைமைப் பயிற்சியாளர் அல்ல, இருபத்தைந்து வயதைத் தாண்டாத ஓர் உதவியாளர். ஒரே வெள்ளைப் பலகை. எனக்கென்று எழுதிய திட்டம் எங்கே என்று கேட்டேன். "முதல் மாதம் எல்லோருக்கும் ஒன்றுதான்" என்றார். முதல் வாரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன். இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை பலகையில் எழுதியிருந்தது இதுதான்: இருபது கிலோ பையோடு பெட்டி மேல் நூறு முறை ஏறி இறங்க வேண்டும்; அது முடிந்ததும் கம்பியைப் பிடித்துத் துள்ளி ஏறி, ஐந்து எண்ணும்வரை மெதுவாகக் கீழே இறங்க வேண்டும், அதுவும் அறுபது முறை. வில் இழுக்கும் தசைக்கு இது நல்லது என்று விளக்கம் வேறு. நான் வில் வேட்டைக்குப் போகவில்லை என்றேன். "எல்லோரும் செய்கிறார்கள், நீங்களும் செய்யுங்கள்" என்றார். முப்பதைத் தாண்டியதும் என் கைகளில் பிடிமானம் போய்விட்டது. சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, இருபத்து மூன்று பேர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், நான் அறுபதையும் முடித்தேன்.

மறுநாள் முழங்கையை மடக்க முடியவில்லை. தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகத் தலையைத்தான் குனிய வேண்டியிருந்தது. வியாழக்கிழமை காலை சிறுநீர் அடர்ந்த பழுப்பாகப் போனது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, கருப்பட்டிக் காப்பி மாதிரி இருக்கு, உடனே கிளம்புங்க" என்று காரை எடுத்தாள். அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி, இருநூறை ஒட்டி இருக்க வேண்டியது, எனக்கு 46,000ஐத் தாண்டியிருந்தது. ராப்டோமயோலிசிஸ் என்றார்கள். தசை நார்கள் சிதைந்து, அவற்றில் உள்ள மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தை அடைத்துவிடக்கூடிய நிலை. 1941இல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்கு அடியில் நசுங்கியவர்களிடம் மருத்துவர்கள் விவரித்த அதே சிறுநீரகச் சேதம், பழக்கமில்லாத உடம்பைக் கசக்கிப் பிழிந்தாலும் வரும் என்று விளக்கினார் மருத்துவர். மூன்று நாள் இடைவிடாமல் சலைன் ஏற்றினார்கள். சிறுநீரகம் தப்பியது.

அந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "ஸ்டாட்டின் சாப்பிடுகிறீர்களா?" என்பதுதான். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, பழகாத கடும் உழைப்பில் தசை சிதையும் வாய்ப்பு கூடுதல் என்றார். தசை சுருங்கும்போது ஆகும் சேதத்தைவிட, பாரத்தோடு நீண்டுகொண்டே இறங்கும்போதுதான் அதிகம் சேதமாகும் என்றும் சொன்னார். சென்ற ஆண்டு சரிவில் என் தொடை நடுங்கியதற்கும் அதுதான் காரணம். மலையில் இறங்க வேண்டியவர்களுக்கு அந்தப் பயிற்சி வேண்டும். ஆனால் அதை வாரக்கணக்கில் பத்து, பதினைந்து என்று ஏற்றிப் பழக்க வேண்டும், இரண்டாம் வாரத்திலேயே அறுபது செய்யவைக்கக் கூடாது. நான் படிவத்தில் எழுதியிருந்த ஒரு வரியை அவர்கள் படித்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. பணம் வாங்குகிற கைக்கு அதைப் படிக்க நேரமில்லை.

படுக்கையில் இருந்தே கூடத்துக்குச் செய்தி அனுப்பினேன். "தண்ணீர் போதுமான அளவு குடித்தீர்களா?" என்று பதில் வந்தது. நலமா என்றுகூடக் கேட்கவில்லை. வீடு திரும்பி, மருத்துவமனை அறிக்கையை இணைத்து 1,480 டாலரைத் திருப்பிக் கேட்டேன். உதவியாளர் தலைமைப் பயிற்சியாளரைக் கேட்கச் சொன்னார். தலைமைப் பயிற்சியாளர் கணக்குப் பிரிவைக் கேட்கச் சொன்னார். கணக்குப் பிரிவுக்கு அனுப்பிய கடிதத்துக்கு, இரண்டு வேலை நாளில் பதில் வரும் என்ற தானியங்கிப் பதில் மட்டும் மூன்று முறை வந்தது. நேரில் போனேன். "பணம் திரும்பாது, வேண்டுமானால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைக்கிறோம்" என்றார்கள். அடுத்த நாள் குழு உரையாடலிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். நேற்று வந்த பதிலில் மூன்றாம் பக்கத்துப் பொறுப்புத் துறப்பின் படத்தை இணைத்து, நடுவில் ஒரு வரியை மஞ்சளால் கோடிட்டிருந்தார்கள். என் விரல் கையெழுத்தைத் தேடி எடுக்கத் தெரிந்தவர்களுக்கு, நான் கைப்பட எழுதிய படிவத்தைத் தேடி எடுக்கத் தெரியவில்லை.

இரண்டு வார வகுப்புக்கு 1,480 டாலர். மருத்துவமனைக் கட்டணத்தில் என் பங்கு எவ்வளவு என்ற கணக்கு இனிமேல்தான் வரும். அக்டோபரில் பாரம் தூக்கி மலையேறக் கூடாது என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். மூன்று ஆண்டுப் புள்ளியில் கிடைத்த உரிமத்தைத் திருப்பி ஒப்படைக்கும் மனு என் மேசை மேல் கிடக்கிறது.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். ஆனால் முழங்கை இன்னும் வலிக்கிறது, கோபமும் அடங்கவில்லை. அவசரமானவற்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். பணத்தை வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பாதீர்கள். கடன் அட்டையில் கட்டினால், சொன்ன சேவை கிடைக்காதபோது கணக்கு அறிக்கை வந்த 60 நாளுக்குள் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்கும் உரிமையாவது இருக்கும். முடிவெட்டும் கடைக்காரருக்குக்கூட உரிமம் கேட்கும் கொலராடோவில் உடற்பயிற்சி சொல்லித்தருகிறவருக்கு அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. அதனால் அவர் எங்கே படித்தார், ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று நேராகக் கேளுங்கள். மாத்திரை எதுவும் சாப்பிட்டால் முதலில் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் பழுப்பாகப் போனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். படிவம் எழுதிக் கொடுத்தால் கொடுக்குமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை.

சிறு கோரிக்கைகளுக்கான நீதிமன்றத்தில் இங்கே 7,500 டாலர் வரை வழக்குத் தொடுக்கலாம். 1,480 டாலருக்காக அங்கே போவதாக முடிவு செய்துவிட்டேன். அதற்கு அந்தப் படிவம் வேண்டும். நகல் தருமாறு இன்று காலை மீண்டும் எழுதியிருக்கிறேன். இரண்டு வேலை நாளில் பதில் வருமாம்.